பதினேழு வெள்ளி

சவரன் சவரன் என்று
எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.
கல்யாணத்துக்குப் பதினொன்று,
அடகுக்குப் போனது நான்கு,
மீண்டது மூன்று.
சவரன் என்ற அந்தக் காசையே நேரில் பார்த்தது
போன வியாழக்கிழமைதான்.
பெனின்சுலா பிளாசா மூன்றாம் மாடி,
பர்மாக்காரர் மளிகைக்கும்
கேமரா பழுதுபார்ப்பவருக்கும் நடுவே
கதவகலக் கடை.

ஐந்தாம் ஜார்ஜ், 1918.
தாடியில் மயிர் தனித்தனியாக நின்றது.
திருப்பினால் குதிரைமேல் ஒருவன்,
தலைக்கவசம் உண்டு, சட்டை இல்லை.
குதிரைக்குக் கீழே தரையில்
எறும்பளவு ஓர் எழுத்து:
பம்பாயில் அடித்தது.

யாப் லென்ஸை நீட்டினார்.
நான் காதை நீட்டினேன்.
ஹவ்காங் டிப்போவில் ஒன்பது வருஷம்.
கட்டணப் பெட்டியில் விழுவதைத்
திரும்பாமலே சொல்வேன்
இது ஐம்பது காசு, இது இருபது,
இது மலேசியக் காசு தம்பி, வேறு போடு.

"சுண்டிப் பார்க்கலாமா?"
பிளாஸ்டிக் பெட்டியோடு கண்ணாடி மேசையில் தட்டினார்.
டக்.
டிபன் டப்பாவின் சத்தம்.

எங்கோ ஒரு குளிர் அறையில்
எனக்குப் பதிலாக யாரோ பார்த்து
எழுபதுக்கு அறுபத்து மூன்று போட்டு
மூடி முத்திரை வைத்துவிட்டார்.
உடைத்தால் மதிப்பெண் போகும்.
உடைக்காவிட்டால்
கேட்காமலே நம்ப வேண்டும்.

கைப்பேசியில் கணக்குப் போட்டேன்.
கலப்பு போகச் சுத்தத் தங்கம் ஏழே கால் கிராம், மேலே கொசுறு,
அன்றைய விலையால் பெருக்கு.
மறுபடி போட்டேன்.
உருக்கினால் வருவதற்கும்
ஒட்டியிருந்த விலைச் சீட்டுக்கும்
பதினேழு வெள்ளி வித்தியாசம்.

சிராங்கூன் சாலையில்
செய்கூலி, சேதாரம் என்று
வளையலில் கால்வாசியைக் கழித்துக்கொண்டுதான்
மீதியைக் கையில் மாட்டுவார்கள்.
இங்கே ஒரு ராஜா முகம், ஒரு குதிரை,
நூறு வருஷமாகக் கீறாமல் வைத்திருந்த
பெயர் தெரியாத கைகள்,
அந்த அறுபத்து மூன்று,
எல்லாம் சேர்த்து
ஞாயிற்றுக்கிழமை இருவர் பிரியாணி விலை.

"ஏன் இவ்வளவு மலிவு?"
யாப் கண்ணாடியைக் கழற்றினார்.
"மலிவா? தங்கம் ஏறிக்கொண்டே வந்தது.
அழகு நின்ற இடத்திலேயே நின்றது.
இப்போது இரண்டும் ஒரே படியில்.
போன வாரம் இதனோடு வந்தவற்றை
உருக்கக் கொடுத்துவிட்டேன். ஆறு."
கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினார்.
சீனர் கையில் ஆறு அப்படித்தான்;
எனக்கு யாருக்கோ ஃபோன் செய்வதுபோல் இருந்தது.

இரக்கப்பட்டு வாங்கினேன் என்றால் பொய்.
ராஜாவை யாரும் மதிக்காவிட்டால்
தங்கம் தாங்கும்.
தங்கம் விழுந்தால்
ராஜா தாங்குவாரா, தெரியாது.
ஆசைதான்.
அன்று ஒருநாள் கணக்கும்
அதன் பக்கம் நின்றது.

தங்கத்துக்கு வெள்ளி கொடுக்கும் ஊர் இது.
பேநவ் அடித்தேன்.
ரசீதில் என் பெயரை
மங்கயர் என்று எழுதினார், அரசி விடுபட்டது.
திருத்தச் சொல்லவில்லை.

நாத்தனார் பூங்கோதை
முன்னும் பின்னும் திருப்பினாள்.
கொக்கி இல்லை, ஓட்டை இல்லை.
"எங்கே போட்டுக்கொள்வாய் இதை?"
"பார்க்கலாம்."
"பார்க்கவா?"
அடுக்களைக்குப் போய்விட்டாள்.
போகும்போது ஒருமுறை திரும்பினாள்,
என்னைப் பார்க்க அல்ல.

ராத்திரி மின்விசிறியை நிறுத்தினேன்.
கீழே கடைசி பஸ் கதவு மூடிப் போனது.
பெட்டியைக் காதோடு வைத்து
மெதுவாக ஆட்டினேன்.
வெள்ளை வளையத்துக்குள்
நூலிழை அசைவு.
ஒரு சத்தம் வந்தது.
ஐம்பது இல்லை.
இருபது இல்லை.
இன்னொரு தரம் ஆட்டினேன்.